பெஹாலாவில் ஒரு பென்சில் பட்டியல்

பெஹாலாக்காரரிடம் கிரிக்கெட் பற்றிப் பேச்சுக் கொடுப்பதும் கும்பகோணத்துக்காரரிடம் காபி பற்றிப் பேச்சுக் கொடுப்பதும் ஒன்றுதான். சீக்கிரம் எழுந்து வர முடியாது. கொல்கத்தாவின் தென்மேற்கில், டைமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதி இது. சௌரவ் கங்குலியின் வீடு இங்கே பிரேன் ராய் சாலையில் இருக்கிறது. துர்க்கா பூஜை நாட்களில் பந்தல் பார்க்க வருகிறவர்களைத் தவிர, அந்நியர் யாராவது பெஹாலாவில் வழி கேட்டால் அநேகமாக அந்த வீட்டுக்குத்தான்.

என் மைத்துனர் குடியிருப்பது சௌரஸ்தாவுக்குப் பக்கத்தில். 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐ.பி.எல். ஏலம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் தொலைக்காட்சி இருந்தும் மைத்துனர் என்னைத் தெருமுனை டீக்கடைக்கு இழுத்துப்போனார். ஏலத்தைத் தனியாகப் பார்ப்பது பாவம் என்பது அவர் கட்சி. கடையில் மண் குவளையோடு இருபது பேர். நடுவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர். எல்லாரும் அவரைக் ‘காக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள், நம்மூர்ச் சித்தப்பா. அவர் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. பக்கத்துக்கு ஓர் அணி, ஒவ்வொரு பக்கத்திலும் 1 முதல் 11 வரை எண்கள், எண்ணுக்கு எதிரே பென்சிலில் பெயர்.

வெங்கடேஷ் ஐயரின் பெயர் வந்தது. கொல்கத்தாவும் பெங்களூருவும் மாறிமாறிக் கையைத் தூக்கின. பத்துக் கோடி, பதினைந்து, இருபது. கடைசியில் 23.75 கோடி ரூபாய்க்குக் கொல்கத்தாவே எடுத்தது. கடையில் கைதட்டல். ஆறு மாதம் முன்பு, சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 26 பந்தில் 52 எடுத்து, கோப்பையோடு திரும்பியவர் அல்லவா? காக்கு மட்டும் கைதட்டவில்லை. நோட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஆள் நல்ல ஆள்தான். இவரை எத்தனையாவதாக இறக்கப் போகிறார்கள்?”

யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வி ஏல இரைச்சலில் போய்விட்டது. ஆனால் மறுநாள் ஏலம் முடிகிற நேரத்தில், யாரும் சீண்டாமல் கிடந்த அஜிங்கிய ரஹானேயை 1.50 கோடிக்கு அதே கொல்கத்தா எடுத்தது. பிறகு அவரையே கேப்டனாக்கியது. கேப்டன் மூன்றாவதாக இறங்கினார். 2024இல் அந்த இடத்தில் ஆடிப் பழகிய 23.75 கோடி ரூபாய்க்காரர், ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் இறங்கி முதல் பந்திலிருந்தே விளாச வேண்டியதாயிற்று. 2025 பருவத்தில் அவர் 11 ஆட்டங்களில் எடுத்தது 142 ரன். கொல்கத்தா எட்டாவது இடம். ஆண்டு முடிவதற்குள் அவரை விடுவித்தார்கள். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் முன்பு போட்டி போட்ட பெங்களூரு 7 கோடிக்கு அவரை எடுத்துக்கொண்டது. ஒரே ஆள், ஒரே மட்டை. ஓராண்டு சொச்சத்தில் விலை மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

காக்குவின் பென்சில் ஜெயித்தது என்று இதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு அன்றிலிருந்து நெருடிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அதே கேள்வியைக் கேட்டுத்தான் உலகத்தின் மிகப் பெரிய இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன.

முதலாவது அமெரிக்காவில், கூடைப்பந்தில். அங்கே புது ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதில்லை. ‘டிராஃப்ட்’ என்று ஒரு முறை. கல்லூரியிலிருந்து வருகிற பையன்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி எடுக்கும். போன வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. பையனுக்கு, “எனக்கு அந்த ஊர் வேண்டாம்” என்று சொல்கிற வசதி பெரும்பாலும் இல்லை. 1984இல் முதல் முறை ஹூஸ்டனுக்கு. அது உயரமான ஒலாஜுவானை எடுத்தது. அதில் யாருக்கும் குறை இல்லை. இரண்டாவது போர்ட்லண்ட். அந்த அணியில் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற இளைஞர், முந்தைய ஆண்டுதான் எடுக்கப்பட்டவர், ஏற்கெனவே ஓர் இடத்தைப் பிடித்திருந்தார். அதே இடத்துக்கு இன்னொரு பையன் எதற்கு? நமக்குத் தேவை நடுவில் நிற்கிற நெட்டையன். அப்படிக் கணக்குப் போட்டு சாம் போவியை எடுத்தார்கள். கல்லூரியிலேயே கால் எலும்பு முறிந்து நெடுநாள் உட்கார்ந்திருந்தவர் அவர். மூன்றாவதாக வந்த சிகாகோ, மிச்சமிருந்த பையனை எடுத்தது. அந்தப் பையன் மைக்கேல் ஜோர்டன்.

இரண்டாவது நம் நாட்டில். ஐ.பி.எல். என்றாலே ஏலம் என்று நினைக்கிறோம். முதல் ஆண்டில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை மலேசியாவில் வென்று திரும்பிய பையன்களை மட்டும் ஏலத்தில் விடாமல், அமெரிக்கப் பாணியில், முறை வைத்து எடுக்கச் சொன்னது கிரிக்கெட் வாரியம். 2008 மார்ச். அந்த அணியின் கேப்டன் டெல்லிப் பையன். டெல்லி அணிக்கு அவரை எடுக்கும் வாய்ப்பு வந்தது. ஆனால் அவர்களிடம் சேவாக், கம்பீர், ஷிகர் தவன், டிவில்லியர்ஸ், தில்ஷான், மனோஜ் திவாரி என்று மட்டையாளர் வரிசை கல்யாணப் பந்தி மாதிரி நீண்டு கிடந்தது. இன்னொருவரை எங்கே உட்கார வைப்பது? இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தார்கள். பெங்களூரு விராட் கோலியை எடுத்துக்கொண்டது.

இந்தக் கதையை எல்லாரும் டெல்லியைக் கேலி செய்யச் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத பாதி இது: முதல் பருவத்தில் கோலி எடுத்தது 165 ரன், சராசரி 15. 2008 ஜூனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் டெல்லி செய்ததுதான் சரி. பெங்களூரு அவரை விடவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். அன்றிலிருந்து இன்றுவரை அவர் வேறு அணியின் சட்டை போட்டதில்லை. கோப்பை கிடைக்க 2025 ஜூன் 3 வரை, பதினெட்டுப் பருவம் ஆயிற்று. பெங்களூருவில் அதுவரை பொறுத்திருந்தவர்களுக்குத் தனியாக ஒரு கோப்பை தரலாம்.

‘பொருத்தம்’ என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது? ஜாதகத்தில் இருப்பது போல ஆட்டக்காரனிடமே எழுதியிருக்கிறதா, அல்லது கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்குவதா? பெஹாலாவில் உட்கார்ந்து இதை யோசிக்க வசதி உண்டு. தெருக்கோடியில் இருக்கிற வீட்டுக்காரரே இதற்கு நல்ல உதாரணம்.

சௌரவுக்கு ஓர் அண்ணன், ஸ்நேகாசிஷ். வங்காள அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். 1989-90 ரஞ்சி இறுதிப் போட்டி, ஈடன் தோட்டத்தில், டெல்லிக்கு எதிராக. அந்த ஆட்டத்துக்கு அண்ணனை நீக்கிவிட்டு 17 வயதுத் தம்பியைச் சேர்த்தார்கள். தம்பி மட்டை பிடிப்பதோடு மிதவேகப் பந்தும் வீசுவார். வங்காளம் கோப்பையை வென்றது. அந்த வீட்டில் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆவல். தம்பி வலக்கைக்காரராகப் பிறந்தவர். அண்ணனின் கையுறையும் காலுறையும் வீட்டில் இருந்ததால் இடக்கை மட்டையாளர் ஆனார் என்று சொல்வதுண்டு. இடக்கை மட்டையாளர் கிடைப்பது எந்த அணிக்கும் லாபம் என்று இன்று ஏல மேசையில் கணினி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பெஹாலாவில் அது அண்ணனின் பழைய சாமானிலிருந்து வந்தது.

1992 ஜனவரியில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே ஒரு ஒருநாள் ஆட்டம். 3 ரன். கதை முடிந்தது என்றார்கள். பெரிய இடத்துப் பிள்ளை, வளைந்துகொடுக்க மாட்டார், அணிக்கு ஒத்துவர மாட்டார் என்று ஓர் அபிப்பிராயம் ஒட்டிக்கொண்டது. நான்கு வருடம் யாரும் கூப்பிடவில்லை. 1996இல் இங்கிலாந்துப் பயண அணியில் அவர் பெயர் வந்தபோது நாடே சிரித்தது. அப்போது மண்டலத்துக்கு ஒருவராக ஐந்து தேர்வாளர்கள். கிழக்கு மண்டலத்தின் சம்பரன் பானர்ஜி, முன்பு சொன்ன ரஞ்சி வெற்றியில் வங்காளத்தின் கேப்டனாக இருந்தவர், பிடிவாதமாக நின்று அவரைச் சேர்க்க வைத்தார். ஒதுக்கீட்டில் வந்தவர் என்று பேசினார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன், மறைப்பதற்கில்லை. லார்ட்ஸில் 131, அடுத்த டெஸ்டில் நாட்டிங்காமில் 136 என்று வந்ததும் நான் வேறு விஷயம் பேச ஆரம்பித்தேன்.

பெட்டியில் பூட்டி வைத்த நான்கு வருட அவமானம் பின்னால் கேப்டனானபோது வேலை செய்தது என்பது என் ஊகம். 2001இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடருக்கு ஹர்பஜன் சிங்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பையன் மூன்று டெஸ்டில் 32 விக்கெட் எடுத்தான். நடுவரிசையில் இடம் இல்லாத சேவாக்கை டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரர் ஆக்கினார்கள். திராவிடின் கையில் விக்கெட் கீப்பர் கையுறையை மாட்டிவிட்டு, ஒருநாள் அணியில் இன்னொரு மட்டையாளருக்கு இடம் உண்டாக்கினார்கள். 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில், ஏழாவதாக ஆடிக்கொண்டிருந்த ஒரு நீளமுடிப் பையனை மூன்றாவதாக அனுப்பினார்கள். மகேந்திர சிங் தோனி அன்று 148. இதில் எந்த ஒன்றிலும், இருக்கிற இடத்துக்கு ஆளைத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆளைப் பார்த்துவிட்டு இடத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் பெஹாலாவில் ஏன் இன்னும் கோபம்? கோபம் 2011ஐப் பற்றியது.

2008இல் ஐந்து நகரங்களுக்கு ‘ஐகான்’ என்று உள்ளூர் நட்சத்திரங்களைக் கொடுத்தார்கள். மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி. ஏலத்தில் அந்த அணி அதிக விலைக்கு வாங்கும் ஆளைவிட 15 சதவீதம் கூடுதலாக ஐகானுக்குக் கொடுக்க வேண்டும். மொத்தப் பணமோ அணிக்கு 50 லட்சம் டாலர். சென்னைக்கு ஐகான் கிடையாது. அது ஒரு குறை என்று நாம் அப்போது முணுமுணுத்தோம். தோனியின் பெயர் வந்தபோதுதான் புரிந்தது. மும்பை 15 லட்சம் டாலர் கொடுத்தால், டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் கொடுக்க வேண்டும். இரண்டு பேரிலேயே பாதிக்கு மேல் காலி. சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. 15 லட்சத்துக்குத் தோனியைத் தட்டிக்கொண்டு போனது. பக்தியோ தொலைநோக்கோ இருந்திருக்கலாம். பெருக்கல் கணக்கு நிச்சயம் இருந்தது.

கொல்கத்தா தன் ஐகானோடு முதல் பருவத்தில் ஆறாவது, இரண்டாவதில் கடைசி, மூன்றாவதில் மறுபடி ஆறாவது. நடுவில் ஒரு வருடம் கேப்டன் பதவியையும் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். 2011 ஜனவரி ஏலத்தில் கங்குலியின் பெயர் வாசிக்கப்பட்டபோது, பத்து அணிகளில் ஒன்றுகூட அட்டையைத் தூக்கவில்லை. கொல்கத்தாவும்தான். அது கம்பீரை 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெஹாலாவில் கொடும்பாவி எரியாத குறை. தாதா இல்லையேல் நைட் ரைடர்ஸ் இல்லை என்று கோஷம் கிளம்பியது. பிறகு புனே அணி, காயமடைந்த நெஹ்ராவுக்குப் பதிலாக அவரைச் சேர்த்துக்கொண்டது. 2012 மே 5 அன்று அவர் புனே கேப்டனாக ஈடனுக்கு வந்தபோது சொந்த ஊர் மைதானத்தில் பாதிப் பேர் விருந்தாளி அணிக்காகக் கத்தினார்கள். கொல்கத்தா 7 ரன்னில் ஜெயித்தது. அதே மாதம் 27ஆம் தேதி, கம்பீரின் கீழ், சேப்பாக்கத்தில் நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு கோப்பையையும் வாங்கிப் போனது. கடைசி ரன்களை அடித்தவர் வங்காளத்தின் மனோஜ் திவாரி என்பது பெஹாலாவுக்குக் கொஞ்சம் மருந்து.

காக்குவிடம் கேட்டேன்: 2011இல் கொல்கத்தா செய்தது தப்பா? வெகுநேரம் டீயை ஆற்றினார். “கணக்கு சரி. சொன்ன விதம் தப்பு” என்றார். எனக்கு அதைவிட நல்ல தீர்ப்பு தெரியவில்லை. 38 வயது ஆட்டக்காரருக்கு அணி இடத்தை நகர்த்திக் காத்திருக்க முடியாது. காத்திருந்து பயன் உள்ளது பையன்களிடம்தான். அதே ஏலத்தில் விலைபோகாத இன்னொருவர் கிறிஸ் கெய்ல், அதுவரை கொல்கத்தாவில் இருந்தவர். பெங்களூரு பாதிப் பருவத்தில் அவரைக் கூப்பிட்டது. வந்த முதல் ஆட்டத்திலேயே, ஈடனில், கொல்கத்தாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 102. அந்தப் பருவத்தில் அதிக ரன் எடுத்தவரும் அவர்தான். ஒரே மௌனம் இரண்டு பேர் விஷயத்தில். ஒன்று விவேகம், மற்றது குருட்டுத்தனம்.

இப்போது நம்மூர்ப் பையன்களுக்கு வருகிறேன். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்தவர். விக்கெட் கீப்பராகத் தொடங்கி, விட்டுவிட்டு, டென்னிஸ் பந்தில் விரல் வித்தை பழகி, 2018 டி.என்.பி.எல்.லில் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வெல்லக் காரணமானவர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் பஞ்சாப் அணி 8.40 கோடி கொடுத்தது. 2019 மார்ச் 27, ஈடன் தோட்டம், முதல் ஆட்டம், முதல் ஓவர். எதிரே கொல்கத்தாவின் சுனில் நரைன். அந்த ஓவரில் 25 ரன். பிறகு காயம், அந்தப் பருவத்தில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம். பஞ்சாப் கைகழுவியது. அடுத்த ஏலத்தில் 4 கோடிக்கு எடுத்தது எந்த அணி? அந்த 25 ரன்னைக் கண்ணெதிரே பார்த்த கொல்கத்தா. அடித்த நரைனே பக்கத்தில் நின்று பந்துவீசுகிறவர் ஆனார். 2020இல் 17 விக்கெட், 2024 கோப்பைப் பருவத்தில் 21, பிறகு இந்திய அணிக்காக 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூஸிலாந்தின் ஐந்து பேரைச் சாய்த்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பஞ்சாபுக்குக் கண் இல்லை என்று சொல்ல முடியாது. ஆளைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். அவர்களிடம் இல்லாதது வேறு. கொல்கத்தாவில் நரைனை 2012இல் 7 லட்சம் டாலருக்கு எடுத்த நாளிலிருந்து, பந்தை மறைத்து வீசுகிறவனை எந்த ஓவரில் கொண்டுவருவது, அடிபட்டால் எப்போது திரும்பக் கொடுப்பது என்று ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. நரைனையே பாருங்கள். பத்தாவதாக இறங்கிக்கொண்டிருந்தவரை 2017இல் தொடக்க ஆட்டக்காரர் ஆக்கியது அந்த அணி. 2024இல் அவர் எடுத்தது 488 ரன். எந்தத் தேர்வுப் பட்டியலிலும் அவர் பெயருக்கு எதிரே இப்படி ஒரு வேலை எழுதியிருந்திருக்காது.

கொல்கத்தா எப்போதும் புத்திசாலி என்று சொல்ல வரவில்லை. குல்தீப் யாதவை 2021 பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். 2022இல் டெல்லி 2 கோடிக்கு எடுத்தது. அவர் 21 விக்கெட் எடுத்தார்; கொல்கத்தாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் நான்கு நான்காக எட்டு. ஒரே சமையலறையில் இரண்டு மாயச் சுழல்காரர்கள் இருந்தால் ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டியதுதான் போலிருக்கிறது.

டி. நடராஜனின் கதை இன்னும் வலிக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். 2017இல் பஞ்சாப் 3 கோடி கொடுத்து, 6 ஆட்டம் ஆடவைத்து, 2 விக்கெட்டைப் பார்த்துவிட்டு விட்டது. ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு பருவம் பெஞ்சில் வைத்துக் காத்தது. 2020இல் கடைசி ஓவர்களில் யார்க்கராக வீசி 16 விக்கெட் எடுத்தார். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2024 நவம்பரில் டெல்லி அவருக்கு 10.75 கோடி கொடுத்தது. சின்னப்பம்பட்டியில் வெடி வெடித்திருப்பார்கள். 2025இல் டெல்லி அவரை ஆடவைத்தது 2 ஆட்டம். ஸ்டார்க்கும் முகேஷ் குமாரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 40 லட்சத்தில் கிடைத்த இடம் 10.75 கோடியில் கிடைக்கவில்லை.

காக்கு நோட்டில் இதற்கெல்லாம் ஏது இடம்? விலை, எண், பெயர், அவ்வளவுதான் எழுதலாம். எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதற்கு ஏலத்தில் கட்டம் கிடையாது.

முகேஷ் குமார் என்றேனே, அவரைப் பற்றி பெஹாலாவில் யாரும் பெருமையாகவே பேசுவார்கள். பிகாரின் கோபால்கஞ்சிலிருந்து வந்தவர். அப்பா கொல்கத்தாவில் டாக்ஸி ஓட்டியவர். 2014இல் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் இணைச் செயலாளராக இருந்த கங்குலி, ‘விஷன் 2020’ என்று ஒரு திட்டம் தொடங்கினார். சுழலுக்கு முத்தையா முரளிதரன், வேகத்துக்கு வக்கார் யூனிஸ், மட்டைக்கு வி.வி.எஸ். லட்சுமண் வந்து பையன்களைப் பார்த்தார்கள். முகேஷின் பெயர் கூப்பிட்டபோது ஆள் அங்கே இல்லை, கழிப்பறைக்குப் போயிருந்தார். பட்டியலில் அடித்துவிட்டார்கள். திரும்பி வந்த பையனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கும்படி பந்துவீச்சுப் பயிற்சியாளர் ரணதேப் போஸ் வாதாடினார். பிறகு பார்த்தால் உடம்பில் சத்து இல்லை, எலும்பில் கோளாறு. ஈடனிலேயே தங்க இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, வைத்தியம் பார்த்தார்கள். 2022 டிசம்பர் ஏலத்தில் டெல்லி அவரை 5.50 கோடிக்கு எடுத்தது. 2023இல் ஒரே மேற்கிந்தியத் தீவுப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2024இல் அவரை விட மனமில்லாமல் டெல்லி 8 கோடி கொடுத்தது. பல வருடச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த விலை இது. ஏலத்தில் கையைத் தூக்குகிறவருக்குக் கடைசி எட்டு நொடிதான் தெரியும்.

காக்குவின் பெரிய குறை, கொல்கத்தா அணியில் வங்காளிப் பையன்கள் இல்லை என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையில் இதே குறையை வாரம் ஒருமுறை கேட்கிறேன். 2022 ஏலத்தில் சென்னைப் பையன் சாய் சுதர்சனை குஜராத் 20 லட்சம் அடிப்படை விலைக்கு எடுத்துப்போனது. அடுத்த ஆண்டு டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அவருக்கு 21.60 லட்சம் கொடுத்தது. உள்ளூர்த் திருவிழா விலை தேசிய விலையைத் தாண்டியது. 2023 இறுதிப் போட்டியில் அவர் சென்னைக்கு எதிராகவே 96 அடித்தார், 2025இல் 759 ரன்னோடு முதலிடம். சொந்த ஊர்ப் பிள்ளை என்பது தேர்வுக்கு ஒரு காரணம் ஆகாது என்று வாதிடுபவர்கள் சென்னையிலும் உண்டு. வாஸ்தவம். ஆனால் பத்து வயதிலிருந்து ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தகவல். அது குஜராத்துக்குக் கிடைக்காத தகவல். கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை என்றால் குறை பாசத்தில் இல்லை, கவனத்தில்.

கங்குலி இப்போது மேசைக்கு மறுபுறம். டெல்லி அணிக்கு 2019இல் ஆலோசகர், 2023இல் கிரிக்கெட் இயக்குநர். பிறகு தென்னாப்பிரிக்க லீக்கில் பிரிட்டோரியா அணியின் பயிற்சியாளர். 2025 செப்டம்பரில் அங்கே நடந்த ஏலத்தில் 22 வயது டெவால்ட் பிரெவிஸுக்கு 1 கோடியே 65 லட்சம் ராண்ட் கொடுத்து அந்த லீக்கின் சாதனை விலையை எழுப்பியது அவருடைய மேசைதான். யாரும் கை தூக்காத நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், இன்னொருவர் பெயருக்கு விடாமல் கை தூக்கியிருக்கிறார்.

மறுநாள் காலை ஆறரைக்கு மைத்துனரோடு நடக்கப் போனேன். ஒரு சிறிய மைதானத்தில் வலை கட்டி முப்பது பையன்கள். வேலிக்கு வெளியே அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலோடு, அப்பாக்கள் கைபேசியில் படம் பிடித்தபடி. ஓர் அப்பா பயிற்சியாளரை ஓரமாக அழைத்து, தன் பையனைத் தொடக்க ஆட்டக்காரராகத் தயார் செய்வதா, நடுவரிசைக்கா, எது இப்போது அதிகம் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும். பயிற்சியாளர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கால்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கால்பட்டை அவன் தொடை வரை இருந்தது, யாரோ பெரியவனுடையது.